தொம்சனை ஒரு வாரம் நம்புங்கள்

இந்தத் தவணையிலும் ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்கு அணுவின் தொடக்ககால மாதிரியுருக்களைக் கற்பித்து முடித்துவிட்டேன். கொழும்பில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்பிக்கத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் முதல் ஆறேழு ஆண்டுகள் இந்தப் பகுதியை மோசமாகவே கற்பித்தேன் என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். சொன்ன தகவல்களில் பிழை எதுவும் இருக்கவில்லை. நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றுக்குள் டோல்டன், தொம்சன், ரதர்போர்ட், போர் ஆகிய விஞ்ஞானிகள் நால்வரையும் கரும்பலகையில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு வட்டம் வரைந்து, ஒவ்வொரு வட்டத்தின் கீழும் இரண்டு குறைபாடுகளை எழுதிப்போட்டு, மணி அடிக்கும்போது கையில் ஒட்டிய வெண்கட்டித் தூளைத் தட்டிவிட்டு வெளியேறுவேன். பரீட்சையில் பிள்ளைகள் அந்த நான்கு வட்டங்களையும் அப்படியே வரைவார்கள். நானும் முழுப் புள்ளி வழங்குவேன்.

ஒரு நாள் இரவு, வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளையின் விடை என்னை நிறுத்தியது. "டோல்டன் பிழை விட்டார். தொம்சன் அதைத் திருத்தினார், ஆனால் அவரும் பிழை விட்டார். தொம்சனின் பிழையை ரதர்போர்ட் திருத்தினார்" என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தது. புள்ளித்திட்டத்தின்படி அதில் குறை காண இயலாது. ஆனால், அதை வாசிக்கும் எவருக்கும், புத்தி மந்தமான சிலர் ஒருவர் பின் ஒருவராக வந்து தவறிவிட்டுப் போனார்கள் என்றே தோன்றும். பிள்ளை நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தது. அந்த மனிதர்கள் எதைக் கண்டு அப்படி நம்பினார்கள், எதைக் கண்டு அந்த நம்பிக்கையைக் கைவிட நேர்ந்தது என்பதை நான் ஒருபோதும் வகுப்பில் சொன்னதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் மூன்று நீள்வட்டங்கள் என்னும் படத்தைப் பிள்ளைகள் என்னிடம் வருவதற்கு முன்பே நூறு தடவை கண்டிருப்பார்கள். புத்தகப் பையில், கேலிச்சித்திரப் படங்களில், விஞ்ஞான மன்றச் சின்னத்தில் என எங்கும் அது இருக்கிறது. கதையின் முடிவு தெரிந்தவர்களிடம்தான் நான் கதை சொல்ல வேண்டியிருக்கிறது. பொற்தகட்டில் பட்டுத் துணிக்கைகள் திரும்பி வந்தன என்று நான் சொன்னால், "கரு இருக்கிறதுதானே ரீச்சர், அதனால்தான்" என்று முன்வரிசை பதில் சொல்லிவிடும். வியப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆகவே முறையை மாற்றினேன். இப்போது இந்தப் பகுதிக்கு ஆறு பாடவேளைகள் எடுக்கிறேன். அணுவின் நடுவில் உள்ள அந்தப் புள்ளியைக் குறிக்கும் கரு என்ற சொல்லை ஐந்தாவது பாடவேளை வரை வகுப்பில் எவரும் உச்சரிக்கக் கூடாது என்பது விதி. உச்சரிப்பவர் அன்று கரும்பலகையைத் துடைக்க வேண்டும். அந்தந்த மாதிரியுருவைக் கற்கும் நாட்களில் அதை உண்மை என்று நம்பி, அதைக் கொண்டே கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். போரை மட்டும் கடைசிப் பாடவேளை ஒன்றில் விரைவாகக் கடந்துவிடுகிறேன். ஐதரசன் வெளிவிடும் ஒளியைப் பிரித்தால் தோன்றும் நிறமாலையின் தனித்தனிக் கோடுகளைக் காட்டி, 1913இல் அவற்றுக்கு அவர் தந்த விளக்கத்தைத் தொட்டுவிட்டால் இந்த வயதுக்குப் போதும் என்பது என் எண்ணம். அவருடைய பெயர் தமிழில் சண்டையையும் வைக்கோற் குவியலையும் குறிப்பதால் அந்தப் பாடவேளையின் முதல் ஐந்து நிமிடங்கள் சிரிப்பிலேயே கழிகின்றன.

தொடக்கம் அணு என்ற சொல்லிலிருந்துதான். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் லூசிப்பசும் அவருடைய மாணவர் டெமோக்கிரிட்டசும் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லுக்கு "வெட்ட முடியாதது" என்று பொருள். ஆகவே, அணுவுக்கு உள்ளே வேறொன்று இருக்கிறது என்ற செய்தி ஐரோப்பியரின் காதில் முரண்பாடாகவே ஒலித்திருக்கும். தமிழில் அந்த முரண்பாடு கேட்பதில்லை. நம்முடைய அணு, நுண்ணியது என்ற பொருளை மட்டுமே தருவது. அதைப் பிளக்கலாம் என்றால் நம் காது உறுத்துவதில்லை. போதாததற்கு, திருக்குறளைப் புகழ்ந்து ஔவையார் பாடியதாக வழங்கும் அடிகளில் அணு ஏற்கெனவே துளைக்கப்பட்டுவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, தமிழர்கள் அப்போதே அணுவைத் துளைத்துவிட்டார்கள் என்று பெருமையுடன் சொல்லும். நான் அதைக் கேலி செய்வதில்லை. குறளின் சுருக்கத்தை வியக்கப் புலவருக்கு மிகச் சிறிய ஒரு பொருள் தேவைப்பட்டது, அதற்கு அணு என்ற சொல் கைகொடுத்தது, ஆனால் அங்கே எவரும் எதையும் நிறுத்துப் பார்க்கவில்லை என்று சொல்லி, அப்படியே டோல்டனிடம் போய்விடுகிறேன். டெமோக்கிரிட்டசுக்கும் இதே அளவுகோல்தான். அவரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

டோல்டன் நிறைகளைக் கணக்கிட்டவர். பன்னிரண்டு வயதிலேயே கிராமத்துப் பள்ளியொன்றில் கற்பிக்கத் தொடங்கிய, நெசவாளர் வீட்டுப் பிள்ளை. இந்தச் செய்தி என் வகுப்பில் எப்போதும் ஒரு சலசலப்பை எழுப்பும். 3 கிராம் காபன் ஒரு வாயுவில் 4 கிராம் ஒட்சிசனுடனும், இன்னொரு வாயுவில் 8 கிராம் ஒட்சிசனுடனும் சேர்கிறது; இடைப்பட்ட எந்த அளவிலும் அது நிலையான வாயு ஒன்றைத் தருவதில்லை. "ஏன் ஐந்து கிராமில்லை, ஏன் ஆறரையில்லை?" என்று கேட்டுவிட்டு, முட்டைக் கடையை நினைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கடைக்காரரின் கல்லாவில் முட்டைக்காக விழும் பணம் எப்போதும் ஒரு முட்டை விலையின் மடங்காகவே இருந்தால், கடைக்குள் போகாமலே அவர் அரை முட்டை விற்பதில்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா? அணுவைக் காணாமலே அது முழுமுழுதாகச் சேர்கிறது என்று டோல்டன் சொன்னதும் இப்படித்தான். நீரில் ஓர் ஐதரசனும் ஓர் ஒட்சிசனும் இருப்பதாக அவர் எடுத்துக்கொண்டதால், ஒட்சிசன் அணுவின் நிறையை அவர் பிழையாகக் கணக்கிட்டார். அந்தப் பிழையையும் மறைக்காமல் சொல்கிறேன். பிள்ளைகள் அதைக் கேட்டு அவர் மீது மரியாதை இழந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அன்று வீட்டுக்குப் போகும்போது அணு என்பது உள்ளே எதுவுமில்லாத, கெட்டியான ஒரு சிறு குண்டு என்று அனைவரும் நம்ப வேண்டும். பலரும் நம்பத் தயாராகவே இருக்கிறார்கள், ஏனென்றால் முட்டைக் கடைக் கணக்குக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

தொம்சனுக்கு நான் இரண்டு பாடவேளை எடுப்பதைச் சக ஆசிரியர்கள் வீண் என்கிறார்கள். ஆனால் பாடத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மருதானையில் வானொலி திருத்தும் கடையொன்றிலிருந்து, படக்குழாய் உள்ள பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து ஆய்வுகூடத்தில் வைத்திருக்கிறேன். இக்காலப் பிள்ளைகள் தட்டையான திரைகளை மட்டுமே அறிந்தவர்கள். இத்தனை பெரிய முதுகு எதற்கு என்பதே அவர்களுடைய முதற்கேள்வி. பெட்டியில் ஒரு படத்தை ஓடவிட்டு, வலிமையான காந்தம் ஒன்றைத் திரையருகே கொண்டுபோனதும் முகங்கள் கோணுகின்றன, நிறங்கள் புரண்டு மாறுகின்றன. காந்தத்தை எடுத்த பிறகும் கறைபோல ஏதோ எஞ்சி நிற்கும். ஆகவே எறிவதற்கென்று வைத்திருக்கும் பெட்டியில் மட்டும் இதைச் செய்ய வேண்டும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்பும் உள்ளே உயர் அழுத்தம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பின்மூடியை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. குழாயின் பின்புறத்திலிருந்து திரையை நோக்கி ஏதோ பாய்கிறது, அதைக் காந்தம் வளைக்கிறது, ஒளியைக் காந்தம் இப்படி வளைப்பதில்லை என்பதைப் பிள்ளைகள் தாமாகவே பேசிப் பேசிக் கண்டடைகிறார்கள்.

அதன் பிறகுதான் 1897ஐ எடுக்கிறேன். கேம்பிரிட்ஜின் கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில் தொம்சன் இத்தகைய குழாயொன்றில் கதோட்டு என்னும் மறை மின்வாயிலிருந்து பாயும் கதோட்டுக் கதிர்களை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்து, அவற்றில் உள்ள துணிக்கையின் மின்னேற்றத்துக்கும் திணிவுக்கும் உள்ள விகிதத்தை அளந்தார். மின்னேற்றம் பெற்ற ஐதரசன் அணுவான ஐதரசன் அயனின் விகிதத்தைவிட அது ஆயிரம் மடங்கு அளவில் பெரிதாக இருந்தது. துணிக்கை மிக இலேசானது என்று கொண்டால்தான் அதற்குப் பொருள் வரும். இன்று நாம் அதன் திணிவு ஐதரசன் அணுவின் திணிவில் ஏறத்தாழ 1,837 பங்குகளில் ஒன்று என்கிறோம். நான் அழுத்திச் சொல்வது அடுத்த செய்தியைத்தான்: கதோட்டின் உலோகத்தை மாற்றினாலும், குழாயினுள் இருந்த வாயுவை மாற்றினாலும் அதே விகிதமே கிடைத்தது. எந்தக் கடையில் எந்த இனிப்பை வாங்கினாலும் உள்ளே ஒரே பருப்பு இருக்கிறது என்றால், அந்தப் பருப்பு எல்லா இனிப்புக்கும் பொதுவானது. டோல்டனின் கெட்டிக் குண்டு அந்த இடத்தில் உடைகிறது.

இனி வகுப்பே தொம்சன் ஆக வேண்டும். அணு நடுநிலையானது, உள்ளே இலத்திரன்கள் எனப்படும் அந்த மறையேற்றமுள்ள, மிக இலேசான துணிக்கைகள் இருக்கின்றன, ஆகவே அவற்றைச் சமன்செய்யும் நேரேற்றம் எங்கோ இருந்தாக வேண்டும். எங்கே என்று எவரும் காணவில்லை. நீங்கள் எங்கே வைப்பீர்கள்? பெரும்பாலான குழுக்கள் சீராகப் பரப்பிவிடுகின்றன, ஏனென்றால் ஓரிடத்தில் குவிப்பதற்கு அவர்களிடம் ஒரு காரணமும் இல்லை. தொம்சன் 1904இல் வெளியிட்டதும் அதுவே: நேரேற்றம் பரவிய ஒரு கோளம், அதனுள் இலத்திரன்கள்.

நூல்கள் இதற்குச் சொல்லும் "பிளம் புடிங்" (உலர்ந்த பழங்கள் பதிந்த ஆங்கிலேய இனிப்பு) உவமையோடு எனக்கு நீண்ட காலப் பகை. அதைத் தந்தவர் தொம்சன் அல்லர். அவருடைய இலத்திரன்கள் உலர்ந்த பழம்போல் அசையாமல் கிடக்கவுமில்லை, கோளத்தினுள் வளையங்களாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அதைவிட, கொழும்புப் பிள்ளை எதுவும் பிளம் புடிங்கைத் தின்றதில்லை. பூந்தி லட்டில் இடையிடையே அகப்படும் முந்திரிகை வற்றல், வத்தகப்பழத்தின் விதை என்று பலவற்றை முயன்று பார்த்தேன். இந்த ஆண்டு யன்னலோரம் இருக்கும் ஒரு மாணவி எழுந்து, "ரீச்சர், எங்கட உம்மா செய்யிற வட்டிலப்பம் மாதிரி, உள்ளுக்கும் கஜு கிடக்கும்" என்றாள். அது லட்டைவிட நல்ல உவமை. லட்டில் மணிமணியாகப் பிரிவு உண்டு; வட்டிலப்பத்தில் முட்டையும் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் ஒரே சீராகக் கலந்து, எங்கே கரண்டியை வைத்தாலும் ஒரே மென்மையாக இருக்கும். அந்தச் சீரான மென்மைதான் தொம்சனின் அணுவில் முக்கியமானது, கஜு இரண்டாம்பட்சம். அன்றிலிருந்து வகுப்பில் அந்த மாதிரியுருவுக்கு வட்டிலப்பம் என்றே பெயர்.

அதே 1904இல் ஜப்பானில் நாகஒகா என்ற பௌதிகவியலாளர், நடுவில் நேரேற்றமுள்ள பெருங்கோளத்தையும் சுற்றிலும் சனிக் கோளின் வளையம்போல இலத்திரன்களையும் வைத்து ஒரு மாதிரியுருவை முன்மொழிந்திருந்தார். கரு என்ற சொல்லுக்குத் தடையிருப்பதால் அவரைக் கதையின் இறுதிவரை மறைத்தே வைத்திருக்கிறேன்.

இனிப் பொன். செட்டியார் தெருவில் நகைத் தொழில் செய்யும் குடும்பத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் இந்த வகுப்பில் இருப்பது என் அதிர்ஷ்டம். ஏன் இரும்புத் தகட்டை எடுக்காமல் பொன்னை எடுத்தார்கள் என்று கேட்டபோது, அடிக்க அடிக்க விரியும், கிழியாது என்று அவன் தன் தந்தையின் கையைப் பார்த்தறிந்த உறுதியுடன் சொன்னான். மன்செஸ்டரில் ரதர்போர்டின் ஆய்வுகூடத்தில் பயன்பட்ட பொற்தகட்டின் தடிப்பு 0.0004 மில்லிமீற்றர் அளவில் இருந்தது. நம் தலைமயிரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் அதற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட அணுப் படைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தகட்டின் மீது, கதிர்த்தொழிற்பாடுள்ள பொருள்களிலிருந்து வெளிப்படும் நேரேற்றமுள்ள அல்பாத் துணிக்கைகளைச் செலுத்தினார்கள். ஓர் அல்பாத் துணிக்கை இலத்திரனைவிட ஏழாயிரம் மடங்குக்கு மேல் திணிவுடையது. ஒளியின் வேகத்தில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு வேகத்தில் பாய்வது.

இந்த இடத்தில் பரிசோதனையின் முடிவைச் சொல்லாமல், கொப்பியில் எதிர்வுகூறலை எழுதச் சொல்கிறேன். அணு வட்டிலப்பமாக இருந்தால் என்ன நடக்கும்? காலி வீதியில் வேகமாக வரும் 100ஆம் இலக்கப் பேருந்து நுளம்புக் கூட்டத்தில் மோதினால் திரும்பிப் போகுமா என்று ஒருவன் கேட்டான். இலத்திரன்களைப் பொறுத்தவரை அது மிகச் சரியான கேள்வி. பரந்து கிடக்கும் நேரேற்றமும் எந்த ஓரிடத்திலும் வலுவாகத் தள்ளப் போவதில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும், துணிக்கைகள் நேராகவோ சற்றே விலகியோ போய்விடும் என்றே எழுதினார்கள். கருவைப் பற்றி முன்பே அறிந்தவர்கள்கூட அப்படி எழுதியது எனக்கு மகிழ்ச்சியளித்தது; தொம்சனின் தலைக்குள்ளிருந்து பார்த்தால் வேறெதையும் எழுத முடியாது.

பிறகு, 1909இல் ரதர்போர்டின் உதவியாளர் கைகரும், இருபது வயதான, இன்னும் பட்டம் பெறாத மாணவர் மார்ஸ்டனும் இருட்டறையில் அமர்ந்து, நாக சல்பைட்டுத் திரையில் தோன்றும் மங்கிய ஒளிப்பொட்டுகளை நுணுக்குக்காட்டி வழியே ஒவ்வொன்றாக எண்ணிய கதையைச் சொல்கிறேன். பொற்தகட்டில் விழுந்த ஏறத்தாழ 20,000 துணிக்கைகளில் ஒன்று, சராசரியாக 90 பாகை அளவுக்குத் திரும்பியது. வகுப்பு அமைதியானது. நான் பல ஆண்டுகளாகச் சொல்லி ஒரு தடவைகூடக் கிடைக்காத அமைதி அது.

அடுத்த பாடவேளையில், நான்கு கட்டைகளின் மீது அட்டையொன்றை உயர்த்தி வைத்து, அதன் கீழ் நடுவே எதையோ மறைத்து, 60 சென்றிமீற்றர் அகலமான வாயிலில் எல்லா இடங்களிலிருந்தும் கண்ணாடிப் போளைகளை உருட்டினோம். 200 தடவை உருட்டியதில் 16 தடவை போளை எதிலோ மோதித் திரும்பியது. நூற்றுக்கு 8, அறுபதில் அது 4.8 சென்றிமீற்றர். மறைந்திருக்கும் பொருள் அவ்வளவு அகலமானது என்று எழுதிய பின்புதான், போளைக்கும் ஓர் அகலம் உண்டு, அதைக் கழிக்க வேண்டும் என்பது ஒரு குழுவுக்கு உறைத்தது. 1.6ஐக் கழித்தால் 3.2. அட்டையை எடுத்தபோது நிமிர்ந்து நின்ற பெரிய ரோச் பற்றரியின் விட்டம் 3.3 சென்றிமீற்றர். பொருளைக் காணாமலே அதன் அளவைச் சொல்லிவிட்ட கர்வம் அவர்களுக்கு. அல்பாத் துணிக்கை எதையும் தொட்டுத் திரும்புவதில்லை, மின்விசையால் தூரத்திலேயே தள்ளப்படுகிறது என்பதை மட்டும் பிறகு சேர்த்துச் சொன்னேன். தடைச்சொல் அன்று விடுதலையாயிற்று. அணுவின் ஏற்றம் நடுவே மிகச் சிறிய ஓரிடத்தில் குவிந்திருக்கிறது என்ற தன் முடிவை ரதர்போர்ட் 1911இல் வெளியிட்டபோது, அந்த மைய ஏற்றம் நேரா மறையா என்பதைக்கூட உறுதியாகச் சொல்லவில்லை. நாகஒகாவின் பெயரைக் குறிப்பிட்டிருந்தார்.

பருமனை உணர்த்தப் பொரளைப் பக்கத்தில் உள்ள பி. சரவணமுத்து மைதானத்துக்கு மனத்தால் போனோம். 1982இல் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடிய மைதானம் என்பதால் பையன்களுக்கு அறிமுகம் தேவையில்லை. ஆடுகளத்தின் நடுவே 5 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு குறுமிளகை வைத்து அதைப் பொன்னின் கரு என்று கொண்டால், அணுவின் விட்டம் ஏறத்தாழ 100 மீற்றர் வரும்; அதாவது எல்லைக்கோட்டுக்குச் சற்று உள்ளே வரை.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள், யன்னலோர மாணவியைத் தவிர. தன் வட்டிலப்பத்தை அவள் விடுவதாக இல்லை. "ரீச்சர், ஆயிரத்துக்கு மேல் படை இருக்கென்று சொன்னீங்கள். ஒவ்வொரு அணுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாலும், எல்லாம் ஒரே பக்கம் தள்ளினால் திரும்பி வரும்தானே?" என்றாள். நான் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். தொம்சன் தரப்பின் வாதம் இதுவேதான்: பல சிறு விலகல்கள் சேர்ந்து ஒரு பெரு விலகலாகலாம். ரதர்போர்ட் தன் கட்டுரையின் தொடக்கத்திலேயே எதிர்கொண்டு மறுத்ததும் இதைத்தான். தகடு முழுவதையும் கடந்த பின் துணிக்கைகள் பெரும்பாலும் 1 பாகை அளவிலேயே விலகின. அப்படியான சிறு விலகல்கள் கூடி 90 பாகையாவதற்கான நிகழ்தகவு அற்பத்திலும் அற்பம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

அந்தக் கணக்கை ஒன்பதாம் தரத்தில் போட முடியாது. ஆகவே, ஆளுக்கொரு நாணயக் குற்றியை எடுத்துப் பத்துத் தடவை சுண்டச் சொன்னேன். பத்தும் தலையாக விழுந்தால், பத்து அணுக்கள் ஒரே பக்கம் தள்ளியதாகக் கொள்வோம். முப்பத்தெட்டுப் பேரில் எவருக்கும் எட்டுக்கு மேல் விழவில்லை. "பத்துக்கே இப்படி, ஆயிரத்துக்கு?" என்று ஒருவன் முணுமுணுத்தான். அவளோ, இன்னும் நிறையத் தடவை சுண்ட வேண்டும், இருபதாயிரத்தில் ஒன்றுதானே வர வேண்டும் என்றாள். அதற்கும் என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. மணி அடித்துவிட்டது.

திங்கட்கிழமை அவள் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வார இறுதி முழுவதும் தம்பியையும் சேர்த்துக்கொண்டு, பத்துப் பத்தாக 300 சுற்றுகள் சுண்டி, ஒவ்வொன்றையும் கோடிட்டுக் குறித்திருந்தாள். ஒன்பது தலை மூன்று சுற்றுகளில் விழுந்திருந்தது. பத்துத் தலை ஒன்றிலும் இல்லை. அதன் கீழே பழைய வட்டிலப்பப் படத்தை ஒரே கோட்டால் வெட்டிவிட்டு, பக்கம் முழுவதையும் நிறைத்த ஒரு வட்டம் வரைந்து, நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு புள்ளி வைத்திருந்தாள். புள்ளியை நோக்கி ஓர் அம்புக்குறி. அருகே, "பென்சில் இதைவிடக் கூராக வராது" என்று எழுதியிருந்தது.